முதலாளிக்கு கடைசியா தெரியற விஷயங்கள்

மேனேஜ்மென்ட் ரிசர்ச்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு சலிப்பு வரும், ஏன்னா அது நம்மகிட்ட வந்து சேர்றதே ஹெச்ஆர் அனுப்பற பிபிடியாவும் லிங்க்டின்ல ஓடுற ஏழு பாயின்ட் அறிவுரையாவும் தான். ஆனா நிஜமாவே ஒரு நூறு வருஷமா சில பேரு ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, கால் சென்டர்னு உள்ள போய் உக்காந்து, யாரு யாருகிட்ட என்ன சொல்றா, எத சொல்லாம விடறாங்கறத எண்ணி எழுதி வச்சிருக்காங்க. அதுல நெறைய குப்பையும் இருக்கு. நல்லதா தேறினத மட்டும் எடுத்து வரிசையா வச்சுப் பாத்தா பெரும்பாலானது ஒரே எடத்துக்கு தான் வந்து நிக்குது: வேலை எப்படி நடக்குதுங்கறது அத செய்யறவங்களுக்கு தெரியும், மேல இருக்கறவருக்கு தெரியாது, தெரியாம பாத்துக்கறதுக்கு கீழ இருக்கறவங்களுக்கு நியாயமான காரணமும் இருக்கு. ஒரு தலைவருக்கு இந்த ஆராய்ச்சியால உருப்படியா ஏதாவது கிடைக்கும்னா அது இந்த ஒளிச்சு வச்ச பக்கம் தான்னு நான் நெனைக்கறேன், மத்தபடி மோட்டிவேஷன், விஷன் எல்லாம் புத்தகக் கடையிலயே கிடைக்குது.

சிகாகோவ ஒட்டி சிசரோன்னு ஒரு ஊர், அங்க வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஹாத்தார்ன் ஃபேக்டரி, டெலிபோன் சாமான் செய்யற எடம், ஓஹோன்னு ஓடின காலத்துல சுமார் 40,000 பேர் வேலை பாத்தாங்க. 1924ல இருந்து 1932 வரைக்கும் அங்க நடந்த சோதனைகள் தான் இந்தத் துறைக்கே தலபுராணம். எம்பிஏ படிச்ச யாரக் கேட்டாலும் லைட் கதைய சொல்லுவாங்க: வெளிச்சத்த கூட்டினாங்க உற்பத்தி ஏறுச்சு, கொறச்சாங்க அப்பவும் ஏறுச்சு, ஆக நம்மள கவனிக்கறாங்கங்கற நெனப்பே ஒருத்தர நல்லா வேலை செய்ய வைக்கும்னு. கேக்க நல்லா தான் இருக்கு. 2011ல ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் அந்தப் பழைய கணக்க தேடிப் புடிச்சு திரும்பப் போட்டுப் பாத்தாங்க. லைட்ட மாத்தினது ஞாயித்துக்கிழமை, அடுத்த நாள் உற்பத்தி ஏறினது வாஸ்தவம், ஆனா லைட்ட தொடாத வாரத்துலயும் திங்கக்கிழமை கொஞ்சம் தூக்கலா தான் இருந்திருக்கு. இன்னொரு புகழ்பெத்த சோதனை, 5 பொண்ணுங்கள தனி ரூம்ல வச்சு ரிலே, அதாவது டெலிபோனுக்கு வேண்டிய மின்சார ஸ்விட்ச், பூட்டச் சொல்லி, ஓய்வு நேரம் எல்லாம் குடுத்துப் பாத்தது. அதுல உற்பத்தி ஏறுச்சுன்னு பெருமையா சொல்றவங்க, நடுவுல ரெண்டு பேர ரொம்ப பேசறாங்கன்னு மாத்தினதையும், சம்பளக் கணக்க அந்தச் சின்ன குரூப்புக்குன்னு தனியா மாத்தினதையும் சொல்ல மாட்டாங்க. 1967லயே அலெக்ஸ் கேரிங்கறவரு இதையெல்லாம் எடுத்துப் போட்டு கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு.

இந்த ரெண்டும் போகட்டும். எனக்கு முக்கியமா படறது அங்கயே இருந்த இன்னொரு ரூம், அதப் பத்தி ஏனோ அதிகம் பேச்சே இல்ல. 1931 நவம்பர்ல 14 ஆம்பளைங்கள தனியா ஒரு ரூமுக்கு மாத்தினாங்க: 9 பேர் வயர் கட்டறவங்க, 3 பேர் சால்டரிங், 2 பேர் இன்ஸ்பெக்டர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு போற டெர்மினல் வரிசைகளுக்கு வயர் கட்டறது வேலை. இந்தத் தடவ லைட்டு, டீ பிரேக்குன்னு எதையும் மாத்தல, ஒரு ஆள ஓரமா உக்கார வச்சு பாக்கறத எழுதச் சொன்னாங்க, அவ்ளோ தான். இதுக்கு யோசனை சொன்னவங்கள்ல லாயிட் வார்னர்னு ஒரு மானிடவியல்காரரும் உண்டு, அதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட தங்கி ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தவரு.

சம்பளம் எப்படின்னா குரூப் மொத்தமா எவ்ளோ முடிக்குதோ அதுக்கு ஏத்த காசு. கம்பெனி நெனப்புல எல்லாரும் முடிஞ்ச வேகத்துல செய்வாங்க, ஒருத்தன் மெத்தனமா இருந்தா மத்தவன் தட்டிக் கேப்பான். நடந்தது தலைகீழ். ஒரு நாளைக்கு ரெண்டு செட், அது தான் நியாயமான வேலைன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு, இன்ஜினியருங்க வச்ச அளவு அதுக்கும் மேல. ரெண்டு செட் முடிஞ்சா சாயங்காலம் சாவகாசமா அரட்டை. எவனாவது அதுக்கு மேல ஓடினா பட்டப்பேரு, அப்பவும் அடங்கலன்னா புஜத்துல நச்சுன்னு ஒரு குத்து. ரொம்ப கம்மியா செஞ்சாலும் திட்டு விழும், மத்தவங்க உழைப்புல சாப்பிடறேன்னு. மேல போய் போட்டுக் குடுக்கக் கூடாது. இன்ஸ்பெக்டரா இருந்தாலும் இன்ஸ்பெக்டர் கெத்து காட்டக் கூடாது, காட்டின ஒருத்தர பாடாப் படுத்தி ரூம விட்டே அனுப்பிட்டாங்க. இதுல உச்சம் என்னன்னா ரிப்போர்ட்: ஒரு நாள் கூடுதலா முடிச்சா கொஞ்சத்த பதுக்கி வச்சுக்கிட்டு சுணங்கின நாள் கணக்குல காட்டுவாங்க, மேல போற பேப்பர்ல தினமும் ஏத்த இறக்கம் இல்லாத நேர்கோடு. அவங்க சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் வாய தொறக்கல, தொறந்தா அதுக்கப்புறம் அந்த ரூம்ல அவரு பொழப்பு நடக்காது. புத்திக்கூர்மைக்கும் கைத்திறனுக்கும் டெஸ்ட் வச்சுப் பாத்தப்போ, ரூம்லயே உற்பத்தியில கடைசி எடத்துல இருந்தவரு புத்திக்கூர்மையில முதல், கைத்திறன்ல மூணாவது. திறமைக்கும் உற்பத்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஏன் இப்படின்னு கேட்டா அவங்க சொன்ன காரணம் சிம்பிள்: நெறைய செஞ்சா ரேட்ட கொறைப்பாங்க, இல்லன்னா ஆள கொறைப்பாங்க. ஆராய்ச்சி பண்ணவங்க இத அனுபவத்துல இல்லாத பயம், உணர்ச்சின்னு எழுதி வச்சாங்க, அந்த ஆளுங்களுக்கு நேரடியா ரேட் வெட்டு நடந்ததில்லையாம். அந்த ரூம் ஏன் 1932 மே மாசம் மூடப்பட்டுச்சுன்னு பாத்தா, பொருளாதார மந்தத்துல ஆர்டர் இல்ல, ஆள்குறைப்பு. உணர்ச்சியாம்! அந்த 14 பேரும் நடக்கப் போறத இன்ஜினியருங்கள விட நல்லாவே கணிச்சிருந்தாங்கன்னு தான் எனக்குத் தோணுது. நம்ம ஓஎம்ஆர்ல ரெண்டு நாள் வேலைக்கு அஞ்சு நாள் எஸ்டிமேட் குடுக்கற டெவலப்பர் பண்றதும் இதே கணக்கு தான், அவன சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி, போன தவணை வேலைய சீக்கிரம் முடிச்சவனுக்கு என்ன பரிசு கிடைச்சுதுன்னு பாக்கணும். பெரும்பாலும் தலையில இன்னும் நாலு வேலை.

சரி அது பழைய காலம், இப்ப தான் எல்லாமே டிராக் பண்றோமே, கேமரா இருக்கு, டாஷ்போர்டு இருக்கு, என்னத்த மறைக்க முடியும்னு கேக்கலாம். அதுக்கு பதில் தென் சீனாவுல ஒரு பெரிய மொபைல் போன் ஃபேக்டரியில கிடைச்சுது. ஹார்வர்டுல ஈதன் பெர்ன்ஸ்டீன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2012ல வெளிவந்த ஆய்வு. அந்த ஃபேக்டரி தளம் ஒரு முனையில நின்னா மறு முனை தெரியற மாதிரி, மேனேஜருங்க எல்லா லைனையும் ஒரே பார்வையில பாக்கலாம், அது தான் அவங்க பெருமையே. பெர்ன்ஸ்டீன் சீனாவுல பொறந்த சில காலேஜ் மாணவர்கள சாதாரண தொழிலாளியா லைனுக்குள்ள அனுப்பினாரு, கூட வேலை செய்யறவங்களுக்கு இவங்க யாருன்னு தெரியாது. உள்ள போனவங்களுக்கு முதல்லயே கிடைச்ச பாடம், எப்படி வேகமா செய்யறது, மேனேஜர் வந்தா எப்படி ரூல்படி மெதுவா செஞ்சு காட்டறதுங்கறது. மாமியார் ஊர்ல இருந்து வர்றாங்கன்னா வீடு எப்படி மாறுமோ அப்படி. தொழிலாளிங்க கண்டுபுடிச்சு வச்சிருந்த குறுக்குவழி எல்லாம் வேலைய கெடுக்கறது இல்ல, நல்லா செய்யறதுக்கான வழி, ஆனா அத மேல இருக்கறவங்களுக்கு வெளக்கி அனுமதி வாங்கி ஏன் பண்ணேன்னு பதில் சொல்றதுக்கு மறைச்சு வைக்கறது சுலபம்.

இந்த மாதிரி பேச்சுல ஒரு தொழிலாளி, சுத்தி ஒரு திரைய கட்டி விட்டா எவ்ளோ நல்லா இருக்கும்னு சொன்னத வச்சே அடுத்த சோதனைய செஞ்சாங்க. சில லைன்கள குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து சுத்தி திரை போட்டாங்க, ஆஸ்பத்திரியில கட்டில சுத்தி போடறாங்களே அந்த மாதிரி, மத்த லைன் எல்லாம் எப்பவும் போல. எத்தன போன் நல்லபடியா வெளிய வருதுங்கற கணக்கு ரெண்டு பக்கமும் போய்ட்டு தான் இருந்துச்சு. திரை போட்ட லைன்கள்ல உற்பத்தி 10ல இருந்து 15 சதவீதம் வரை ஏறுச்சு. உள்ள என்ன பண்ணாங்கன்னா, ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் உக்காந்து கத்துக்கிட்டாங்க, வேலை தேங்கற எடத்துக்கு நகர்ந்து போனாங்க, புதுசா ஒண்ண செஞ்சு பாத்து சரி வரலன்னா விட்டாங்க. இதையே திறந்த வெளியில செஞ்சா யாராவது வந்து, உன் எடத்துல ஏன் இல்லன்னு கேப்பாங்க. இத வச்சுக்கிட்டு எல்லா எடத்துலயும் கேமராவ கழட்டுன்னு சொல்ல வரல, சமையல் கேஸ் நிரப்பற எடத்துலயோ மருந்து ஃபேக்டரியிலயோ ரூல்படி செய்யறது உயிர் சமாச்சாரம். ஆனா ஊழியர் மவுஸ் அசையறத எண்ற சாஃப்ட்வேர் வாங்கற கம்பெனிங்க, தங்களுக்கு தெரிய வர்றது வேலையா இல்ல வேலை மாதிரி நடிக்கறதான்னு ஒரு தடவ யோசிக்கலாம்.

மறைக்கறதுல உற்பத்தியையும் குறுக்குவழியையும் விட ஆபத்தானது தப்ப மறைக்கறது. 90கள்ல ஏமி எட்மண்ட்சன், அப்போ ஹார்வர்டுல ஆராய்ச்சி மாணவி, ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற பிழைகள ஆராஞ்சாங்க. நல்லா ஒத்துழைக்கற நர்ஸ் டீம்ல பிழை கம்மியா இருக்கணும், அது தான் எதிர்பார்ப்பு. கணக்கு வந்தப்போ நேர் எதிர், நல்ல டீம்ல தான் பிழை அதிகம். அதுக்கப்புறம் விஷயம் தெரியாத ஒருத்தர வார்டுகளுக்கு அனுப்பி பாக்கச் சொன்னப்போ தான் புரிஞ்சுது, சில வார்டுல தலைமை நர்ஸ்கிட்ட போய் இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லலாம், சில வார்டுல சொன்னா தலை உருளும். ஆக எண்ணிக்கையில வந்தது நடந்த பிழை இல்ல, வெளிய சொன்ன பிழை. இதுல இருந்து தான் 1999ல அவங்க எழுதின கட்டுரை வந்துச்சு, பயமில்லாம பேசற சூழல் இருக்கற டீம் தான் கத்துக்குதுன்னு. பின்னாடி கூகுள் தன்னோட சுமார் 180 டீம்கள அலசினப்போவும் இதே விஷயத்த முதல் எடத்துல வச்சாங்க, அப்புறம் கேக்கணுமா, உலகம் பூரா ஹெச்ஆர் டிபார்ட்மென்டுல போஸ்டர் ஒட்டிட்டாங்க. போஸ்டர் ஒட்டின எடத்துல சனிக்கிழமை ரிவ்யூ மீட்டிங்ல, சாஃப்ட்வேர்ல ஒரு பிழை என்னால வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டவன பேர் சொல்லி மெயில் போட்டா மொத்த டீமும் எத கத்துக்கும்னு சொல்லணுமா. டாஷ்போர்டுல பிழை எண்ணிக்கை கொறைஞ்சா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, சொல்றது கொறைஞ்சுதா நடக்கறது கொறைஞ்சுதான்னு பாக்கறது தான் இதுல எனக்குப் புடிச்ச பாடம்.

இதுவரைக்கும் கீழ இருக்கறவங்க மறைக்கறத பாத்தோம். முதலாளி தன்கிட்ட இருந்தே மறைச்சுக்கறதும் உண்டு, அதுக்கு நல்ல உதாரணம் மும்பை பக்கம் இருக்கு. தாராப்பூர், உம்பர்காவ்ல துணி நெய்யற மில்லுங்க, ஒவ்வொண்ணும் சராசரியா 270 பேர் வேலை செய்யற குடும்பக் கம்பெனி. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் ப்ளூம், உலக வங்கியோட டேவிட் மெக்கென்சி, இன்னும் சிலர் சேர்ந்து 2008 வாக்குல அங்க ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. மில்லுங்கள குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதிக்கு அக்சென்ச்சர் கன்சல்டன்டுங்க 5 மாசம் இலவசமா வந்து வேலை செஞ்சாங்க, இன்னொரு பகுதிக்கு ஒரு மாசம் என்ன பிரச்சனைன்னு பாத்துச் சொன்னதோட சரி. சொல்லிக் குடுத்தது ராக்கெட் சயின்ஸ் இல்ல: துணியில விழற குறைய தினமும் எழுது, எந்த தறியில விழுதுன்னு பாரு, நூல் ஸ்டாக்குக்கு கணக்கு வை, ஸ்பேர் பார்ட்ஸ அடுக்கி வை, மெஷின் கெட்டப்புறம் ஓடாம முன்னாடியே எண்ணெய் போடு, காலையில ஒரு மீட்டிங் போடு. இந்த மாதிரி 38 பழக்கம். முதல் வருஷமே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறுச்சு, மூணு வருஷத்துக்குள்ள அந்த கம்பெனிங்க புது மில்லு கூட திறந்தாங்க.

இவ்ளோ லாபம் தரையில கிடக்குதுன்னா ஏன் இத்தன வருஷம் யாரும் குனிஞ்சு எடுக்கலங்கறது தான் அந்த ஆய்வுல நான் நின்னு படிச்ச பகுதி. முதலாளிங்க முட்டாள் இல்ல, பல தலைமுறையா தொழில் பண்றவங்க. சில பழக்கத்த அவங்க கேள்வியே பட்டதில்ல. கேள்விப்பட்டதுக்கும், நம்ம தரம் பக்கத்து மில்லு மாதிரி தானே இருக்கு, இது எதுக்குன்னு விட்டுட்டாங்க, பக்கத்து மில்லும் இதே நெலமையில இருந்ததால ஒப்பிட்டுப் பாத்தா குறையே தெரியாது. குறைய எழுதி வைக்கற வழக்கமே இல்லாத எடத்துல எவ்ளோ குறைங்கற கேள்வியே எழாது இல்லையா. இன்னொண்ணு, நல்லா நடத்தற மில்லு வேகமா வளர்ந்து மத்தவங்கள முந்திடும்னு பாத்தா அதுவும் நடக்கல, அந்த கம்பெனிங்க எவ்ளோ பெருசுங்கறது நிர்வாகத் தரத்த விட குடும்பத்துல எத்தன ஆண்கள் இருக்காங்கங்கறத வச்சு தான் இருந்துச்சு. வெளியாள நம்பி ஒரு மில்ல விட முடியாது, திருடினா கோர்ட்டுக்கு போய் தீர்ப்பு வர்றதுக்குள்ள ஆயுசு முடிஞ்சுடும், அதனால தம்பி, மச்சான், பையன் எத்தன பேரோ அத்தன மில்லு. இத வாசிச்சப்போ எனக்கு எந்த ஊர் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லல, உங்களுக்கே வந்திருக்கும்.

பல வருஷம் கழிச்சு திரும்பப் போய் பாத்தாங்க. கத்துக்கிட்ட பழக்கத்துல சுமார் பாதி காணாமப் போயிருந்துச்சு, மில்லு மேனேஜர் மாறினாரு, முதலாளிக்கு நேரமில்ல, விட்டுப் போச்சு. ஆனாலும் சொல்லிக் குடுக்காத மில்லுங்கள விட இவங்க இன்னும் மேல தான் இருந்தாங்க, சில பழக்கம் அதே கம்பெனியோட மத்த மில்லுக்கும் தானா பரவியிருந்துச்சு. ஒரு வாரம் ட்ரெயினிங் குடுத்து சர்டிஃபிகேட்டோட போட்டோ எடுத்துக்கிட்டா மாற்றம் வந்துடுச்சுன்னு நம்பறவங்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு உதவும்.

அப்புறம் டார்கெட். 1975ல ஸ்டீவன் கெர்னு ஒருத்தர் ரொம்ப எளிமையா ஒண்ணு சொன்னாரு, ஒண்ணுக்கு பரிசு குடுத்துட்டு வேற ஒண்ணு நடக்கும்னு காத்திருக்கறது முட்டாள்தனம்னு. இதுக்கு வெல்ஸ் ஃபார்கோ பேங்க் மாதிரி ஒரு உதாரணம் கிடைக்காது. ஒரு கஸ்டமருக்கு எட்டு ப்ராடக்ட் விக்கணும், அது கோஷம். கிளைகள்ல இருந்தவங்க கஸ்டமருக்கு தெரியாமலே கணக்கு தொறந்தாங்க. 2016 செப்டம்பர்ல 18.5 கோடி டாலர் அபராதம் வந்தப்போ, அதுவரைக்கும் சுமார் 5,300 பேர இதுக்காக வேலைய விட்டு தூக்கியிருக்கோம்னு பேங்க் சொல்லுச்சு, மறு வருஷம் கணக்குப் பாத்ததுல அப்படிப்பட்ட கணக்குங்க 35 லட்சம் வரை இருக்கலாம்னு ஆச்சு. 5,300 பேர் தப்பு பண்ணா அது ஆளோட தப்பா டார்கெட்டோட தப்பா? இவ்ளோ பேருக்கு தெரிஞ்சது மேல எட்டலையான்னு கேட்டா, எட்ட வைக்கப் பாத்தவங்க கதை வேற மாதிரி போச்சு, சந்தேகப்படற விஷயத்த புகார் பண்ணதுக்காக வேலை போன ஒரு மேனேஜருக்கு 2017ல அமெரிக்க தொழிலாளர் துறை திரும்ப வேலையும் 54 லட்சம் டாலரும் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அப்படி ஒருத்தர அனுப்பினத பாத்த மத்தவங்க ஹாத்தார்ன் ரூம் ஆளுங்க மாதிரி நேர்கோடு போட்டுக் காட்டாம என்ன பண்ணுவாங்க.

பிரமோஷன்லயும் இதே பார்வைக் கோளாறு தான். மேல இருந்து பாத்தா யாரு எவ்ளோ வித்தாங்கன்னு தெரியும், யாரு மத்தவங்கள வளர்க்கறாங்கன்னு தெரியாது. ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க கம்பெனிகளோட சேல்ஸ் ஆட்கள் கணக்க எடுத்து 2019ல வெளியிட்டதுல, நெறைய வித்தவருக்கு தான் பிரமோஷன் அதிகமா கிடைச்சிருக்கு, அப்படிப் போனவரு கீழ இருக்கறவங்களோட விற்பனை தான் சறுக்கியிருக்கு. அடுத்தவங்களோட சேர்ந்து விற்பனைய முடிக்கற பழக்கம் உள்ளவங்க மேனேஜரா நல்லா வந்தாங்களாம், அது சேல்ஸ் போர்டுல பெருசா தெரியாத குணம்.

மறைக்கற அதே ஆளுங்க மறைக்காம இருந்ததும் உண்டு, ஆள மாத்தாமலே. கலிஃபோர்னியாவுல ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி, தினம் அஞ்சுல ஒருத்தர் வேலைக்கு வர மாட்டாங்க, குடி, சண்டை, வேணும்னே காரைக் கெடுக்கறதுன்னு பேர் கெட்டுப் போய் 1982ல மூடிட்டாங்க. 1984ல டொயோட்டா கூட்டு சேர்ந்து நுமின்னு பேர் வச்சு திறந்தப்போ வேலைக்கு எடுத்ததுல சுமார் 85 சதவீதம் பழைய ஆளுங்க தான், அதே யூனியன். கொஞ்ச நாள்லயே வராம இருக்கறது 3, 4 சதவீதத்துக்கு எறங்குச்சு, ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரிகள்லயே உற்பத்தித் திறன்ல முதல் எடம். பழைய ஃபேக்டரியில லைன நிறுத்தவே கூடாது, குறையோட கார் போனா போகட்டும், பின்னாடி பாத்துக்கலாம். புது எடத்துல ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு கயிறு, சந்தேகம் வந்தா இழு, டீம் லீடர் ஓடி வந்து என்னன்னு கேப்பாரு, திட்ட மாட்டாரு, சரி பண்ண முடியலன்னா லைன் நிக்கும். ஆட்குறைப்புக்கு முன்னாடி மேனேஜருங்க சம்பளத்த கொறைப்போம்ங்கற அளவுக்கு யூனியனோட ஒப்பந்தத்துலயே எழுதிக் குடுத்தாங்க. கயித்த மட்டும் எல்லாரும் காப்பி அடிச்சாங்க, இந்த ஒப்பந்தத்த விட்டுட்டாங்க, அதனால தான் ஜெனரல் மோட்டார்ஸால தன்னோட மத்த ஃபேக்டரிகளுக்கு இத சீக்கிரம் கொண்டு போக முடியலன்னு நான் நெனைக்கறேன். கலிஃபோர்னியாவுலயே வான் நைஸ் ஃபேக்டரியில இதே மாதிரி முயற்சி பண்ணி, தேறாம, 1992ல அத மூடிட்டாங்க.

பெங்களூர்ல ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் கார்மென்ட் ஃபேக்டரிகள்ல 2016ல நடந்த ஒரு சோதனை இதுக்கு பக்கத்துல வைக்க வேண்டியது. சம்பள உயர்வு வரப் போகுதுன்னு தொழிலாளிங்க பெருசா எதிர்பாத்தாங்க, வந்தது அத விட கம்மி. அந்த சமயத்துல அச்யுதா அத்வர்யுன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர், அவரு கூட்டாளிங்க சேர்ந்து, சுமார் 2,000 பேர்ல குலுக்கல்ல ஒரு பகுதிய மட்டும் கூப்பிட்டு, பேர் போடாம சம்பளம், வேலை, சூப்பர்வைசர் பத்தி உங்க அபிப்பிராயம் என்னன்னு கேட்டாங்க. அதுக்காக சம்பளம் ஒரு பைசா ஏறல. கேட்டதுக்கே அந்தப் பகுதியில வேலைய விட்டுப் போறது அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சுது. இத படிச்சுட்டு, அட இவ்ளோ சீப்பா, சம்பளத்துக்கு பதிலா சர்வே அனுப்பலாமேன்னு ஒரு முதலாளி குஷியானா அவருக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, முதல் சர்வேக்கு அப்புறம் ஒண்ணுமே மாறலன்னா ரெண்டாவது சர்வேயில என்ன எழுதுவாங்கன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும்.

இந்த ஆய்வு எல்லாத்துலயும் ஒரு குறை உண்டு, ஒரு ஃபேக்டரி, ஒரு ஊர், ஒரு காலம். சீனாவுல திரை வேலை செஞ்சா சென்னை சப்போர்ட் டீமுக்கும் செய்யும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால முடிவ காப்பி அடிக்கறத விட, தன் கம்பெனியிலயே சோதிச்சுப் பாக்கற பழக்கத்த காப்பி அடிக்கலாம், அப்படி பண்ணவரு சீனாவோட பெரிய டிராவல் கம்பெனி சிட்ரிப் நிறுவனர்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் லியாங். வீட்ல இருந்து வேலை பாக்க விட்டா கால் சென்டர் ஆளுங்க டிவி பாப்பாங்கன்னு கம்பெனிக்குள்ள பயம். சரி பாத்துடுவோம்னு 2010 கடைசியில, விருப்பம் சொன்னவங்கள பொறந்த தேதி இரட்டைப்படையா ஒத்தப்படையான்னு பிரிச்சு ஒரு பாதிய 9 மாசம் வீட்ல இருந்து வேலை பாக்க வச்சாங்க. வேலைத் திறன் 13 சதவீதம் ஏறுச்சு, ராஜினாமா பாதியா கொறைஞ்சுது. அதோட இன்னொண்ணும் தெரிஞ்சுது, வீட்ல இருந்தவங்கள்ல நெறைய பேர் தனிமையா இருக்கு, பிரமோஷன்ல கண்ணுக்கு படறதில்லன்னு ஆபீஸுக்கே திரும்பி வந்துட்டாங்க. இத யாரும் மீட்டிங்ல உக்காந்து ஊகிச்சிருக்க முடியாது.

அதே கம்பெனி 2021ல இன்னொரு தடவ, இந்த முறை இன்ஜினியர், மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ்னு 1,612 பேர், வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேனேஜருங்ககிட்ட கேட்டப்போ சராசரியா உற்பத்தி 2.6 சதவீதம் விழும்னு சொன்னாங்க. முடிஞ்சப்புறம் கேட்டா 1 சதவீதம் ஏறும்னு சொன்னாங்க. ரிவ்யூ மார்க்குலயும் பிரமோஷன்லயும் ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல, ராஜினாமா மட்டும் மூணுல ஒரு பங்கு கொறைஞ்சுது. யாருக்கு கொறைஞ்சுதுன்னு பிரிச்சுப் பாத்தா பெண்கள், தூரத்துல இருந்து வர்றவங்க, மேனேஜர் பதவியில இல்லாதவங்க.